விகிளா, பைக்24ஆ?
இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் 1999இல் தொடங்கிய இணைய சைக்கிள் கடை விகிள், 2016இல் வட அயர்லாந்தின் இன்னொரு சைக்கிள் கடையான செயின் ரியாக்‌ஷனோடு இணைந்தது. மலிவாக டயரும் செயினும் தேடியவர்கள் கடல் கடந்தும் அங்கேதான் வாங்கினார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பின் ஐரோப்பியர்களுக்குச் சுங்கத் தொல்லை. கொரோனாக் கால விற்பனை வடிந்ததும் சைக்கிள் துறை முழுவதிலும் சரக்கு தேங்கியது. விகிளை 2021இல் வாங்கியிருந்த சிக்னா ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்குத் தருவதாகச் சொன்ன 15 கோடி யூரோவைத் தர முடியாதென்று, 2023 அக்டோபரில் அதன் தாய்க் குழுமம் கைவிரித்தது. விகிள் திவால் நிர்வாகத்துக்குப் போனது. இப்போது மிஞ்சிய பெயர் பிரிட்டனின் சில்லறை விற்பனை நிறுவனமான ஃபிரேசர்ஸ் குழுமத்திடம்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் பிறந்த இணைய சைக்கிள் கடை பைக்24உம் அடி வாங்கியதுதான். 2021இல் 15 யூரோவுக்குச் சந்தைக்கு வந்த பங்கு, பிறகு 2 யூரோவுக்கும் கீழே சரிந்தது. ஆனாலும் கடை மூடப்படவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருப்பவருக்குச் சுங்கமும் இல்லை; என் ஓட்டு அதற்கே. பழைய விகிள் இருந்திருந்தால் யோசித்திருப்பேன்.