எழுந்து போனால் அந்த இடத்தில் யார்? பாக்கஸும் ஸ்டெஃபானிக்கும்

நம் ஊரில் எம்.பி.யாக இருந்துகொண்டே அமைச்சராகலாம். அமெரிக்காவில் அதற்கு வழியில்லை. தூதர் பதவி வேண்டுமென்றால் எம்.பி. பதவியை விட்டாக வேண்டும். அரசமைப்புச் சட்டமே அப்படி. அதனால் அங்கே ஒரு எம்.பி.யைத் தூதராக்கும் செய்தி வந்தால், எந்த நாட்டுக்குப் போகிறார் என்பதைவிட அவர் இடத்துக்கு யார் வருவார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2013 டிசம்பரில் மான்டனா மாநில செனட்டர் (மேலவை எம்.பி.) மேக்ஸ் பாக்கஸைச் சீனாவுக்கான தூதராக அறிவித்தார் அன்றைய அதிபர் ஒபாமா. செனட் நிதிக்குழுத் தலைவர், வர்த்தக விவகாரங்களில் பழுத்த அனுபவம். ஆனால் நியமனத்துக்கு ஒப்புதல் தருவதற்கான செனட் விசாரணையில் உட்கார்ந்தபோது, தான் சீன நிபுணர் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 2014-ல் மறுபடி நிற்கப்போவதில்லை என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர். பிறகு ஏன் அவசரம்? செனட் இடம் காலியானால் மான்டனாவில் ஆளுநரே ஆளை நியமிக்கலாம். ஆளுநர் ஸ்டீவ் புல்லக், ஒபாமாவின் கட்சிக்காரர். காலியான இடத்துக்கு அவர் நியமித்த துணை ஆளுநர் ஜான் வால்ஷ், அதே இடத்துக்குப் போட்டியிட ஏற்கெனவே களமிறங்கியிருந்தவர். நவம்பர் தேர்தலுக்குள் அவரை ‘செனட்டர் வால்ஷ்’ ஆக்கிவிடலாம். வெள்ளை மாளிகை சொன்ன காரணம் வர்த்தக அனுபவம்தான். எனக்கோ இந்த வரிசை தற்செயலாகத் தெரியவில்லை.

பாக்கஸ் நகர்ந்ததும் குழுத் தலைமைகளும் நகர்ந்தன. எரிசக்திக் குழுத் தலைவர் பாக்கஸின் நிதிக்குழுவுக்குப் போக, எண்ணெய் மாநிலமான லூசியானாவில் கடும் போட்டியில் இருந்த ஒபாமா கட்சி செனட்டர் மேரி லாண்ட்ரூவுக்கு எரிசக்திக் குழு கிடைத்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இரண்டுமே கைக்கு வரவில்லை. ராணுவக் கல்லூரிக் கட்டுரையில் பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டியது வெளியாகி ஆகஸ்டில் வால்ஷ் விலகினார். இடம் குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் டெய்ன்ஸுக்குப் போனது. லாண்ட்ரூவும் தோற்றார்.

நியூயார்க்கின் குடியரசுக் கட்சிக் கீழவை எம்.பி. எலிஸ் ஸ்டெஃபானிக் கதை இதற்கு நேர் எதிர். 2024 நவம்பரில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதராக அவரை டிரம்ப் அறிவித்தார். செனட் குழு ஜனவரியிலேயே பச்சைக்கொடி காட்டியது. கட்சியின் அவைத் தலைமைப் பொறுப்பையும் அவர் விட்டுக்கொடுத்துவிட்டார். 2025 மார்ச் 27-ல் நியமனம் திரும்பப் பெறப்பட்டது. அன்று கீழவையில் டிரம்ப் கட்சிக்கு 218, எதிர்க்கட்சிக்கு 213. கீழவை இடத்துக்கு நியமனம் கிடையாது, இடைத்தேர்தல்தான். நியூயார்க்கில் அதன் தேதியைக் குறிப்பவர் எதிர்க்கட்சி ஆளுநர். ஒரு இடத்தையும் பணயம் வைக்க விரும்பவில்லை என்று டிரம்பே வெளிப்படையாகச் சொன்னார்.

வெளிப்படையாகச் சொன்னதற்காக இரண்டாவதை மெச்சுபவர்கள் உண்டு. நான் மெச்ச மாட்டேன். பாக்கஸ் விஷயத்தில் கட்சிக் கணக்கு இருந்தாலும், பெய்ஜிங்குக்கு ஒரு தூதர் போய்ச் சேர்ந்தார். 96-0 என்று செனட் ஒப்புதல் தந்தது, 2017 ஜனவரி வரை வேலை பார்த்தார். ஸ்டெஃபானிக் விஷயத்தில் கணக்கு பதவியையே விழுங்கிவிட்டது. அந்த ஐ.நா. நாற்காலிக்கு முழுப் பொறுப்பில் ஒருவர் வர 2025 செப்டம்பர் ஆனது. வந்தவர் மைக் வால்ட்ஸ். அவரும் கீழவை எம்.பி.யாக இருந்தவர்தான், ஆனால் அவர் விட்டுவந்த ஃபுளோரிடா இடம் அதற்குள் கட்சி கைக்கே பத்திரமாக வந்துவிட்டிருந்தது.