இயற்பியல் முடித்தவர்களுக்கு வேலை ஆலோசனை: எந்தப் பகுதி உதவியது?

முதுகலை இயற்பியலின் கடைசிப் பருவத்தில், ஓர் இணையவழி வேலை ஆலோசனைச் சேவையில் சேர்ந்தேன். முதலில் ஓர் ஆர்வத் தேர்வு, அடுத்து ஆலோசகருடன் பேச்சு, அப்புறம் வேலையில் இருக்கும் ஒருவருடன் உரையாடல். மூன்றும் ஒரே தரத்தில் இல்லை.

தேர்வு வீண். தனியாக வேலை செய்யப் பிடிக்குமா, குழுவாகவா என்கிற மாதிரியான பொதுக் கேள்விகள்தான். ஆசிரியர், ஆராய்ச்சியாளர், மென்பொருள் பொறியாளர் என்று முடிவு வந்தது. இயற்பியல் படித்த யாரிடமும் இதைத் தேர்வு வைக்காமலே சொல்லிவிடலாம்.

ஆலோசகர் அப்படி இல்லை. அவரும் இயற்பியல் படித்தவர். பிடித்த பாடம் எது என்று அவர் கேட்கவே இல்லை. ஆய்வகத்தில் நேரம் போவது தெரியாமல் செய்த வேலை எது என்று கேட்டார். சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை வைத்து, காமா கதிர் டிடெக்டர் சரியான அளவைக் காட்டும்படி அளவுத்திருத்தம் செய்வது எனக்கு உயிர். அதன் காமா கதிரின் ஆற்றலான 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைக் காட்டும் உச்சி வரைபடத்தில் தன் இடத்தில் வந்து உட்காரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். இதைச் சொன்னதும் மருத்துவ இயற்பியல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, துல்லியமாக அளப்பதைப் பற்றிய அளவியல் என்று மூன்று துறைகளை எடுத்து வைத்தார். 2019இல் கிலோகிராமின் வரையறையை ஓர் உலோக உருளையிலிருந்து பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் மாறா எண்ணுக்கு மாற்றினார்களே, அந்த மாதிரி வேலைக்கென்றே அளவியல் நிலையங்களில் இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். வகுப்பில் யாரும் இதை ஒரு வேலையாக எனக்குச் சொன்னதில்லை.

நிரல் எழுதுவதில் ஆர்வமுள்ள என் தோழிக்கு வானிலை மாதிரிகளையும் நிதித்துறையையும் காட்டினார். பங்குச் சந்தை விருப்ப ஒப்பந்தங்களுக்கு (ஆப்ஷன்) விலை கணிக்கும் பிளாக்-ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளை மாற்றினால் அது வெப்பப் பரவல் சமன்பாடாகிவிடும் என்று எழுதியே காட்டினாராம். அதன் பிறகு அவளுக்கு நிதித்துறை அந்நியமாகத் தெரியவில்லை.

சேவையின் உண்மையான மதிப்பு மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது. புற்றுநோய் சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு மருத்துவ இயற்பியலாளருடன் பேசினேன். காலையில் முதல் நோயாளி வருவதற்குள் சிகிச்சைக் கதிரை உண்டாக்கும் இயந்திரமான நேரியல் முடுக்கியின் கதிர் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். தினசரிச் சோதனையில் 3 விழுக்காட்டுக்கு மேல் விலகினால் காரணம் தெரியும்வரை சிகிச்சை தொடங்காது. கட்டிக்குப் போதிய கதிர் போக வேண்டும், பக்கத்தில் உள்ள தண்டுவடம் தப்ப வேண்டும். அந்தத் திட்டத்தை மருத்துவருடன் உட்கார்ந்து சரிசெய்வதில்தான் பகல் போகிறது. பெரிய சோதனைகளை நோயாளிகள் போன பிறகுதான் செய்ய முடியும் என்பதால் பல நாள் வீடு திரும்ப இரவாகிவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். எந்த விளக்கக் கையேட்டிலும் இது கிடைக்காது.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இயற்பியல் முதுகலை மட்டும் வைத்துக்கொண்டு பெரும்பாலான நாடுகளில் இந்த வேலைக்குப் போக முடியாது. மருத்துவ இயற்பியலில் தனிப் படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும். ஆலோசகர் தந்த அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மருத்துவ இயற்பியலாளர் சொல்லித்தான் தெரிந்தது. சில வருடங்களை விழுங்கும் விஷயத்தை இப்படி விடுவது சரியல்ல. துறையின் பெயரோடு தகுதி நிபந்தனையையும் சேர்த்தே தர வேண்டும்.

நான் அந்தப் படிப்புக்கு விண்ணப்பித்துவிட்டேன். நீங்கள் இப்படி ஒரு சேவையில் சேர்வதாக இருந்தால், ஆலோசகர் இயற்பியல் படித்தவரா, வேலையில் இருப்பவரோடு பேச வைப்பார்களா என்று முதலிலேயே கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் தயங்காமல் சேரலாம். பேசப் போகும்போது உங்கள் ஆய்வக நோட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.