முன்பதிவில் தேதி: ஐஎஸ்ஓ வடிவமா, மாதப் பெயரா?

புதுச்சேரி விடுதி ஒன்றின் முன்பதிவில் 03/04/2025 என்று இருந்தால் நமக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் அது ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. ஆண்டில் 132 தேதிகள் இப்படி இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும். அவை பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் உள்ளே போய்விடும் என்பதுதான் ஆபத்து.

சேமிக்க ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவமே (ஆண்டு-மாதம்-நாள்: 2025-04-03) சரி. வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் கால வரிசை கெடாது. ஆனால் இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தேதியைக் கையாளும் டேட் (Date), நேரம் இல்லாத இந்தத் தேதியை யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். புதுச்சேரியில் அது காலை 5:30, தேதி மாறாது. நியூயார்க்கில் இருந்து பதிவு செய்பவரின் திரையில் ஏப்ரல் 2 தெரியும். உள்ளூரில் சோதித்தால் இது பிடிபடவே பிடிபடாது. வருகை நாளுக்கு நேரம் தேவையில்லை. தரவுத்தளத்தில் தேதியோடு நேரமும் சேரும் டைம்ஸ்டாம்ப் வகை வேண்டாம், தேதி மட்டும் உள்ள டேட் வகையில் வையுங்கள்.

மாதப் பெயர் (3 ஏப்ரல் 2025) மனிதர் கண்ணுக்கு. ரசீதிலும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சலிலும் இதையே காட்டுங்கள். அதைத் திரும்பப் படித்துத் தேதியாக்கும் வேலையை மட்டும் நிரலுக்குக் கொடுக்காதீர்கள். ஜாவா நிரல்மொழியின் 16ஆம் பதிப்பில் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் செப்டம்பரின் சுருக்கம் மூன்றெழுத்திலிருந்து (Sep) நான்கெழுத்தானது (Sept). பழைய வடிவத்தை நம்பிய நிரல்கள் அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் தடுமாறின.

பழைய எக்செல் பட்டியலை ஏற்றுமுன் தேதிப் பத்தியைப் பாருங்கள்: சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால், அமெரிக்க அமைப்புள்ள கணினியில் அது திறக்கப்பட்டிருக்கலாம். நாள் 12ஐத் தாண்டியவை மாதமாகப் படிக்க முடியாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கும்; மற்றவை நாளும் மாதமும் இடம் மாறித் தேதியாகியிருக்கும். அதனால் வலப்பக்கம் நிற்பவற்றைத்தான் சந்தேகிக்க வேண்டும்.