23,400 ரேண்ட் போனது: செய்தி வாசிப்பவர் முகத்தோடு வரும் முதலீட்டு விளம்பரத்தை நம்பாதீர்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் நம் ஆட்கள் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் போன் பார்ப்பவர்களாக இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

என்னிடமிருந்து 23,400 ரேண்ட் போய்விட்டது. எடுத்தவன் யார், எந்த ஊர்க்காரன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனை என் போன் வரைக்கும் கொண்டுவந்து விட்டது யார் என்று நன்றாகத் தெரியும். குடும்பப் படம் போடவும், கோயில் திருவிழா தேதி பார்க்கவும் நாம் தினமும் திறக்கிற ஒரு சமூக வலைத்தளம்தான். அவனிடம் காசு வாங்கிக்கொண்டு அவன் விளம்பரத்தை எனக்குக் காட்டியது அது. பெயரை எழுதினால் பதிவையே தூக்கிவிடுவார்கள் என்று வீட்டில் சொல்கிறார்கள், அதனால் எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே புரியும்.

நான் வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். தீபாவளி சீசனில் ராத்திரி பகல் பார்க்காமல் தைத்துச் சேர்த்த பணம் அது. ஜனவரியில் மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ், யூனிஃபார்ம், புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

அந்த விளம்பரத்தை எப்படி நம்பினேன் என்று கேட்கிறவர்களுக்காக விவரமாகவே சொல்கிறேன். அதில் வந்த செய்தி வாசிப்பவரை வருஷக்கணக்காகக் காலையில் டீ போடும்போது டிவியில் பார்த்து வருகிறேன். அதே குரல். ஒரு செய்தியை முடிக்கும்போது தலையை லேசாகச் சாய்ப்பாரே, அதுகூட அப்படியே இருந்தது. கீழே சிவப்புப் பட்டையில் அன்றைய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாடே அறிந்த ஒரு தொழிலதிபர் பேட்டி கொடுக்கிறார். செயற்கை நுண்ணறிவே பங்குகளை வாங்கி விற்கும், 4,700 ரேண்டில் ஆரம்பிக்கலாம், சாதாரணக் குடும்பங்களுக்காகத்தான் இந்தத் திட்டம் என்கிறார். உதடு பிசகவில்லை, கண் இமைப்பதில் குறை இல்லை. பக்கத்தின் பெயருக்குக் கீழே மங்கலான சின்ன எழுத்தில் 'விளம்பரம்' என்று மட்டும் இருந்தது. அந்த முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் செய்த போலி என்று அப்புறம்தான் தெரிந்தது.

பெயரும் போன் நம்பரும் கொடுத்த கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. "வணக்கம் ஆன்ட்டி" என்று ஆரம்பித்தான். இந்த ஊர்ப் பையன்கள் பேசுகிற அதே இங்கிலீஷ். "எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும் ஆன்ட்டி, எங்க பாட்டி நல்லாப் பேசுவாங்க" என்றான். எந்தக் கோயிலில் காவடி எடுப்பீர்கள் என்று கேட்டான். நான் சொன்னதும், அவன் குடும்பமும் முன்பு அங்கேதான் வரும் என்றான். ஒரு கோயில் பேரைச் சொல்லி நம்மை உருக வைக்கலாம் என்று அவனுக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

நான் விசாரிக்காமலும் இல்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். உடனே ஒரு நம்பரைக் கொடுத்து, "நீங்களே எஃப்எஸ்சிஏ தளத்துல பாருங்க ஆன்ட்டி, யார் சொன்னாலும் நம்பாதீங்க" என்றான். எஃப்எஸ்சிஏ என்பது இந்த நாட்டில் முதலீட்டுக் கம்பெனிகளுக்கு உரிமம் கொடுக்கிற அரசு ஆணையம். அதன் பட்டியலில் தேடினேன். நம்பர் இருந்தது, அவன் சொன்ன கம்பெனிப் பெயரும் இருந்தது, உரிமம் நடப்பில் இருப்பதாகவும் காட்டியது. இதற்கு மேல் ஒரு சாதாரண மனுஷி என்ன சரிபார்க்க முடியும்?

அந்த நம்பர் உண்மையானதுதான். ஆனால் அது வேறொரு நேர்மையான கம்பெனியுடையது. இவர்கள் அதன் பெயரையும் நம்பரையும் திருடி ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த உண்மையான கம்பெனியில் போன் எடுத்த அம்மா, "உங்களை மாதிரி நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள்" என்று வருத்தத்தோடு சொன்னார்.

முதலில் 4,700 போட்டேன். அவர்கள் கொடுத்த ஆப்பில் தினமும் லாபம் ஏறியது. அப்புறம் 12,000. ஆப்பில் பணம் நன்றாகப் பெருகி நின்றபோது எடுக்கப் போனேன். இந்த நாட்டு வருமான வரித் துறையான சார்ஸுக்கு முன்கூட்டியே வரி கட்டினால்தான் பணம் வெளியே வரும் என்றார்கள். சார்ஸின் முத்திரை போட்டு ஒரு கடிதமும் அனுப்பினார்கள். அதற்கு 6,700. மொத்தம் 23,400 ரேண்ட். அதோடு அந்தப் பையன் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான், ஆப்பும் திறக்கவில்லை. கணக்கு தொடங்கும்போதே ஐடி கார்டின் இரண்டு பக்கத்தையும், அதைக் கையில் பிடித்தபடி ஒரு செல்ஃபியையும் வாங்கி வைத்திருக்கிறார்கள். பணம் போனது ஒரு பக்கம். என் முகமும் அடையாள எண்ணும் அவர்கள் கையில் இருப்பது இன்னொரு பக்கம். என் பெயரில் யார் எங்கே கடன் வாங்குவார்களோ என்று தூக்கம் வரவில்லை.

இனிமேல்தான் எனக்கு உண்மையான கோபமே வருகிறது.

அந்தச் சமூக வலைத்தளத்தில் விளம்பரத்தைப் புகார் செய்தேன். மோசடி என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, நடந்ததை எழுதி, வங்கி ரசீதையும் இணைத்தேன். பதில் வந்தது: உங்கள் புகாரைப் பரிசீலித்தோம், இந்த விளம்பரம் எங்கள் விதிகளை மீறவில்லை, வேண்டுமானால் இதுபோன்ற விளம்பரங்களை நீங்கள் மறைத்துக்கொள்ளலாம். மறுபரிசீலனை கேட்டேன். அதற்கும் அதே வரிகள். மனிதர் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அதற்கு வழியே கிடையாது. உதவிப் பகுதியில் ஒரு ரோபோ நான்கு கேள்வி கேட்டுவிட்டு "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று மூடிக்கொள்கிறது. நான் கருத்தா சொன்னேன்? 23,400 ரேண்ட் போனதைச் சொன்னேன்.

புகார் செய்த பிறகும் அதே மாதிரி விளம்பரங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கின்றன. வேறு முகம், வேறு பெயர், அதே பேச்சு. ஒரு தடவை தொட்டுவிட்டேன் என்பதால், இவளுக்கு இதில் ஆர்வம் என்று அந்த இயந்திரம் குறித்து வைத்துக்கொண்டது. ஏமாந்தவளைத் தேடிப் பிடித்து மறுபடியும் அதையே காட்ட அதற்குத் தெரிகிறது. ஏமாற்றுகிறவனைக் கண்டுபிடிக்க மட்டும் தெரியாதாம்.

வங்கியில் மூன்று மேஜை மாற்றினார்கள். கடைசியில், "நீங்களே ஆப்பில் ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், எங்கள் பக்கம் தவறு இல்லை" என்றார்கள். பணம் போன கணக்கும் இந்த நாட்டு வங்கியில்தான் இருக்கிறது. ஐடி, முகவரிச் சான்று எல்லாம் வாங்கித்தானே அந்தக் கணக்கைத் திறந்திருப்பார்கள்? அது யாருடையது என்று கேட்டால் தனியுரிமை என்கிறார்கள். என் தனியுரிமை போய்விட்டது, அவனுடையதைக் காப்பாற்றுகிறார்கள்.

நாத்தனார் மகன் சட்டம் படிக்கிறான். அவன்தான் உட்கார்ந்து விளக்கினான். "அத்தை, இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. ஆனா உங்க வழக்குக்கு வேண்டிய இடத்துலதான் ஓட்டை" என்றான். சைபர் குற்றச் சட்டம் 2021 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. இணைய மோசடி அதில் குற்றம்தான். ஆனால் ஏமாற்றியவனைப் பிடித்தால்தானே தண்டிக்க? தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போப்பியா 2021 ஜூலை 1 முதல் முழுசாக அமலில் இருக்கிறது. ஒழுங்காக இருக்கிற கம்பெனியை அது கட்டுப்படுத்தும், திருடன் எங்கே கட்டுப்படப் போகிறான்? தளத்தின் பொறுப்பு என்று போனால், 2002-இல் போட்ட மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டத்துக்குத்தான் போக வேண்டும். அடுத்தவர் போட்டதைச் சேமித்து வைப்பவர், அது சட்டவிரோதம் என்று தெரியாதவரை, பொறுப்பு இல்லை என்று அதில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்து எடுக்கச் சொல்லலாம். எல்லாவற்றையும் கண்காணிக்கும் கடமை அவருக்குக் கிடையாது. அந்தச் சட்டம் வந்தபோது இன்று நாம் புழங்குகிற இந்தத் தளங்களே இல்லை.

அப்படி ஒரு பாதுகாப்பு இருப்பதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். தளங்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே தணிக்கை செய்ய வேண்டும் என்று வைத்தால், அரசாங்கத்தைக் கேள்வி கேட்கிற பதிவும் சேர்ந்தே காணாமல் போகும். 2022 மார்ச்சில் திரைப்படம், வெளியீடுகள் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது இணையத் தணிக்கை என்று பலர் எதிர்த்ததும் அதனால்தான். தணிக்கையால் எத்தனையோ பாடுபட்ட நாடு இது, அந்தப் பயம் நியாயம். ஆனால் ஒருவர் சும்மா எழுதுகிற பதிவும், காசு வாங்கி, யாருக்குக் காட்ட வேண்டும் என்று வயதும் ஊரும் பார்த்துக் காட்டுகிற விளம்பரமும் ஒன்றா? இங்கே டர்பனில் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிற பங்களாதேஷ் மார்க்கெட்டில் ஒருத்தன் கள்ளநோட்டு மாற்றுகிறான் என்று புகார் சொன்ன பிறகும் அவனுக்கே மேஜையை வாடகைக்கு விட்டு, வருகிறவர்களை அவன் பக்கமே கைகாட்டி அனுப்பினால் நாம் சும்மா விடுவோமா? விளம்பரத்துக்குக் காசு கொடுப்பவன் யார் என்று அடையாளம் பார்க்கச் சொன்னால் யாருடைய பேச்சுரிமையும் போய்விடாது.

செய்தி வாசிப்பவர்களும் இதில் பாதிக்கப்பட்டவர்கள்தான். இந்த நாட்டு அரசு டிவியான எஸ்ஏபிசியின் காலைச் செய்தியில் பல வருஷம் வந்த லியான் மனாஸ், தன் முகத்தை வைத்துப் போலி விளம்பரங்கள் ஓடுவதை வெளிப்படையாகவே பேசி எச்சரித்திருக்கிறார். நாடறிந்த அவருக்கே இந்தக் கதி என்றால், பிளவுஸ் தைக்கிற என் புகாரை அந்த ரோபோ எங்கே கேட்கப் போகிறது?

வேறு நாடுகளில் செய்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாற்றி நம் கையாலேயே அனுப்ப வைத்த பணத்தை வங்கி திருப்பித் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. உச்ச வரம்பு 85,000 பவுண்ட். அனுப்பிய வங்கியும் பணம் போய்ச் சேர்ந்த வங்கியும் ஆளுக்குப் பாதி ஏற்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, இருந்தாலும் "நீங்கதானே அனுப்பினீங்க" என்று அங்கே ஒரே வரியில் கை கழுவ முடியாது. பெரிய தளங்கள் மோசடி விளம்பரங்களைத் தடுக்க வேண்டும் என்ற கடமையையும் அவர்களுடைய 2023 இணையப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். இங்கே 2024 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவுக்குத் தேசியக் கொள்கைச் சட்டகம் என்று ஒன்று வெளியிட்டார்கள். வளர்ச்சி, திறன், நெறிமுறை எல்லாம் அதில் இருக்கிறது. போலி முகத்தில் போன 23,400 ரேண்டை யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு அதில் எனக்கு வழி கிடைக்கவில்லை.

எச்சரிக்கை எழுதுகிறேன் என்று ஆரம்பித்தேன், கோபத்தில் எங்கேயோ போய்விட்டது. அவசரமாகச் சிலது சொல்கிறேன். லைசென்ஸ் நம்பர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கம்பெனியின் போன் நம்பரை எஃப்எஸ்சிஏ பட்டியலிலிருந்தே எடுத்து நீங்களாகக் கூப்பிட்டு, இன்னார் உங்கள் ஆளா என்று கேளுங்கள். கம்பெனி என்று சொல்லிவிட்டு தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணத்தை எடுக்க முன்னால் வரி கட்டு என்றால் அது திருட்டு, சார்ஸ் அப்படி எந்தத் தரகர் மூலமும் வாங்குவதில்லை. பணம் போய்விட்டால் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு அந்த நிமிஷமே போன் போடுங்கள், போலீஸில் கேஸ் நம்பர் வாங்குங்கள். வங்கி கை விரித்தால் தேசிய நிதி குறைதீர்ப்பு அமைப்புக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. ஐடி கொடுத்துவிட்டவர்கள் எஸ்ஏஎஃப்பிஎஸ் என்ற மோசடித் தடுப்பு அமைப்பில் பாதுகாப்புப் பதிவு செய்யுங்கள், அதுவும் இலவசம். உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டால் கொடுப்பவர்களுக்கு அது எச்சரிக்கை காட்டும். நான் செய்துவிட்டேன்.

ஏமாந்தவர்களைப் பார்த்து, படித்திருந்தால் இப்படி ஆகுமா, பேராசைதானே என்று தயவுசெய்து எழுதாதீர்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நம் ஆட்கள் வெளியே சொல்வதில்லை. எனக்குத் தெரிந்தே கோயிலில் இன்னொரு அக்கா இதேபோலப் பணத்தை விட்டிருக்கிறார். வீட்டுக்காரரிடம்கூட அவர் இன்னும் சொல்லவில்லை.

உங்களில் யாராவது இதே போல, காவடி கேட்டு, பாட்டி கதை சொல்லிப் பேசிய பையனுக்குப் பணம் அனுப்பியிருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். வங்கிப் பெயரையும் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் சொன்னால் போதும். ஒரே கணக்கு என்று தெரிந்தால் கேஸ் நம்பர்களைச் சேர்த்து எல்லோரும் ஒன்றாகப் போய் அந்த வங்கியைக் கேட்கலாம். அடுத்த வாரம் நான் மறுபடியும் போகிறேன், கூட வர விருப்பமுள்ளவர்கள் அதற்குள் சொல்லுங்கள்.