ஏழு வருடமாக இடுப்பில் ஒரே கைத்துப்பாக்கி

ஹூஸ்டனில் எங்கள் கேஸ் ஸ்டேஷன் கடையை இரவு 11 மணிக்கு நான்தான் பூட்டுகிறேன். அன்றைய வசூலோடு கார் வரை தனியாக நடக்க வேண்டும். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் 2018-இல் கைத்துப்பாக்கியை எடுத்துப் போவதற்கான டெக்சாஸ் லைசென்ஸ் எடுத்தேன். ஹெச்1பி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து டெக்சாஸில் தகுதி உள்ளவர்கள் லைசென்ஸ் இல்லாமலே மறைத்து எடுத்துப் போகலாம். ஆனாலும் நான் என்னுடையதைப் புதுப்பித்தே வைத்திருக்கிறேன்.

முதல் வருடம் இரண்டை மாற்றி மாற்றி வைத்திருந்தேன். வெயில் காலத்தில் ஐந்து தோட்டா ரிவால்வர், ஜாக்கெட் போடும் காலத்தில் கட்டைவிரலால் தள்ளினால்தான் சுடவிடும் சேஃப்டி பூட்டு உள்ள பெரிய பிஸ்டல். ஒருநாள் சுட்டுப் பழகும் ரேஞ்சில் பிஸ்டலை உருவிக் குறி பார்த்து டிரிகரை அழுத்தினேன். வெடிக்கவில்லை. மறுபடி அழுத்தினேன், அப்போதும் இல்லை. ரிவால்வருக்குப் பழகிய விரல் சேஃப்டியைத் தள்ளவே இல்லை. எதிரே இருந்தது காகிதம் என்பதால் தப்பித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே இரண்டையும் விற்றுவிட்டு ஒரு கிளாக் 19 வாங்கினேன். 9 மி.மீ. ரகம், தோட்டா அடைக்கும் மேகசினில் 15 தோட்டா, குழல் சுமார் 10 செ.மீ. தனியாகத் தள்ள வேண்டிய சேஃப்டி கிடையாது. தோட்டா நிரப்பினால் முக்கால் கிலோவுக்கு மேல் வரும். முதல் மாதம் இடுப்பு வலித்தது உண்மை. வளையாத தடித்த பெல்ட் வாங்கியதும் அந்த வலி போய்விட்டது.

துப்பாக்கியைவிட உறையில்தான் பலரும் காசை மிச்சம் பிடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் மெல்லிய துணி உறை ஒன்று வாங்கினேன். துப்பாக்கியை உருவியதும் உறையின் வாய் அமுங்கிக்கொள்ளும். திரும்பச் செருகும்போது மடிந்த துணி டிரிகரில் சிக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது வைத்திருப்பது கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை. டிரிகரை முழுக்க மூடிவிடும், வாயும் திறந்தே நிற்கும். சட்டையை நன்றாகத் தூக்கி, கண்ணால் பார்த்து, மெதுவாகச் செருகுகிறேன். அதில் ஒருநாளும் அவசரம் காட்டியதில்லை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. தினமும் இரவு, சுடத் தயாராகக் குழலில் ஏற்றியிருக்கும் தோட்டாவை வெளியே எடுப்பதும் காலையில் அதையே திரும்ப ஏற்றுவதுமாக இருந்தேன். சில மாதம் கழித்து அதைப் புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தபோது உயரம் குறைந்திருந்தது. ஏற்றும்போதெல்லாம் இடிபட்டு முனை உள்ளே அமுங்கியிருக்கிறது. அப்படியே சுட்டால் உள்ளே அழுத்தம் எகிறும். அதன்பிறகு இறக்குவதே இல்லை. உறையோடு கழற்றி அப்படியே பூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறேன். பெட்டி சுவரோடு திருகப்பட்டிருக்கிறது, வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஹூஸ்டன் புழுக்கத்தில் வியர்வை எதையும் விடாது. துப்பாக்கியின் மேல் குறி பார்ப்பதற்கு நான் மாற்றிப் போட்ட எஃகுக் குறியின் ஓரத்தில் துரு பிடித்தது. சுடும்போது பின்னே போய் வரும் மேல்பாகமான ஸ்லைடின் பின்பக்கம் சட்டை நூல் சேரும். ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் எண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும்.

2018-இல் வந்த சிக் பி365 என்ற சின்ன பிஸ்டல் மச்சானிடம் இருக்கிறது. அவ்வளவு சின்ன உடம்பில் 10 தோட்டா. அருமையான பொருள், இன்று புதிதாகத் தொடங்குபவருக்குத் தாராளமாகச் சொல்வேன். நானும் ஆசைப்பட்டுச் சுட்டுப் பார்த்தேன். உயர்த்திய ஒவ்வொரு முறையும் முன்குறி கீழே அமுங்கியே வந்தது. பிடியின் சாய்வு வேறு, என் மணிக்கட்டுக்குக் கிளாக்கின் சாய்வுதான் பழக்கம். ஒரு மாதம் பழகினால் சரியாகிவிடும்தான். ஆனால் அந்த ஒரு மாதமும் இரவு 11 மணிக்கு நான் கார் வரை நடந்தாக வேண்டுமே!

மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன மாதம் பெல்ட் மட்டும் தேய்ந்துபோய் மாற்றினேன். அதே அளவு, அதே ஓட்டை. உறையும் வலது இடுப்பில் அதே இடத்தில்.