பழைய செஸ்னாவுக்குப் புதிய திரை: எதைக் கழற்றப் போகிறீர்கள்?

வானம் துடைத்து வைத்தது போல இருந்த ஒரு காலை. 4,500 அடி உயரத்தில் எங்கள் சிறு விமானமான செஸ்னா 172-இல், விமானத்தின் சாய்வைக் காட்டும் செயற்கை அடிவானம் மெல்ல இடப்பக்கம் சாயத் தொடங்கியது. கண்ணாடிக்கு வெளியே நிஜ அடிவானம் நேராகத்தான் இருந்தது. கருவிப் பேனலின் ஓரத்தில் வேக்யூம் (காற்றுறிஞ்சல்) மானியைப் பார்த்தேன், முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. பம்ப் போய்விட்டது.

இந்த வகைக் கோளாறில் பயமே அதன் நிதானம்தான். அடிவானத்துக்குள் இருக்கும் கைரோ என்ற சுழல் சக்கரத்தை இந்த பம்ப் காற்றை உறிஞ்சிச் சுழற்றுகிறது, பம்ப் நின்றாலும் அது சட்டென்று நிற்காது. வேகம் குறையக் குறைய, சில நிமிடங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். சிவப்பு விளக்கோ கொடியோ பெரும்பாலான பழைய கருவிகளில் கிடையாது. நல்ல வெயிலில் அது வேடிக்கை. மேகத்துக்குள் என்றால் அந்தச் சாய்வை நம்பி விமானத்தையும் சாய்த்துவிடுவோம்.

டெக்சாஸில் மூன்று பேர் கூட்டாக வைத்திருக்கும் விமானம் இது: 1974-ஆம் ஆண்டு 172எம், 150 குதிரைசக்தி லைகமிங் எஞ்சின். கூட்டாளிகளில் ஒருவர் "பம்பை மட்டும் மாற்றுவோம்" என்றார். இன்னொருவர் பழைய டயல்களுக்குப் பதிலாக வைக்கும் பத்து அங்குல டிஜிட்டல் திரையின் படத்தை போனில் நீட்டினார். நடுவில் நான். இரண்டு மாதம் விலைப்பட்டியல், பொருத்தும் கையேடு, பணிமனை என்று அலைந்ததில் தேறியதுதான் இந்த அலசல்.

முதலில் ஒரு பின்னணி. 2016 வரை, சான்றிதழ் பெற்ற (தொழிற்சாலையில் தயாரான) சிறு விமானத்தில் டிஜிட்டல் அடிவானம் வைப்பது பணக்காரர் விவகாரம். அந்த வருடம் அமெரிக்க விமானத்துறை ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. கொஞ்சம் இறங்கி வந்தது. டைனானின் டி10ஏ கருவிக்கு செஸ்னா 172 உள்ளிட்ட சில மாடல்களில் அனுமதி கிடைத்தது. பின்னாலேயே கார்மின் ஜி5 வந்தது. வீட்டில் கட்டிய விமானங்களுக்கு 1,199 டாலருக்கு விற்ற ஜி5, சான்றிதழ் விமானத்துக்கு அப்போது 2,149 டாலர். பார்த்தால் அதே பெட்டிதான், பாகத்தின் எண் வேறு. மலிவாக இருக்கிறதே என்று அந்த முதல் வகையை வாங்கி 172-இல் மாட்ட முடியாது. கேட்டுப் பார்த்தவன் சொல்கிறேன்.

சரி, திரைகளுக்கு வருவோம். சந்தையில் இருப்பவற்றை நான் இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன்: பழைய துளைக்குள் உட்காருபவை, பேனலையே வெட்டச் சொல்பவை. பழைய பேனலில் ஒவ்வொரு டயலுக்கும் மூன்றே அரைக்கால் அங்குல வட்டத் துளை. வேகமானி, அடிவானம், உயரமானி மேலே. திருப்பம் காட்டி, திசை கைரோ, ஏற்ற இறக்க மானி கீழே. ஜி5, ஜி.ஐ. 275, ஏவி-30 மூன்றும் அந்தத் துளையிலேயே உட்காரும்.

இவற்றில் மலிவானது யூஏவியானிக்ஸ் ஏவி-30. வந்தபோது விலை 1,995 டாலர். அடிவானமாகவும் வைக்கலாம், திசை கைரோவாகவும் வைக்கலாம். பகலில், நல்ல வானிலையில் மட்டும் பறப்பவருக்கு இது தாராளம். ஆனால் திசை காட்ட வைத்தால், காந்த உணரியைத் தனியாக வாங்கிச் சேர்க்காதவரை, பழைய டயலைப் போலவே அவ்வப்போது திசைகாட்டியைப் பார்த்துத் திருத்திக்கொண்டிருக்க வேண்டும். டிஜிட்டலுக்கு மாறியும் அந்த வேலை விடவில்லையென்றால் எனக்கு அலுப்பாக இருக்கும்.

ஜி5-ஐயும் ஜி.ஐ. 275-ஐயும் ஒரே கம்பெனிதான் செய்கிறது. அதனால்தான் குழப்பமே. ஜி5 சதுர முகம், மூன்றரை அங்குலத் திரை, தொடுதிரை இல்லை, ஒரே ஒரு குமிழ். 2020-இல் வந்த ஜி.ஐ. 275 வட்ட முகம், 2.69 அங்குலம், தொடவும் செய்யலாம், குமிழும் உண்டு. 275-இல் நிலப்பரப்பு தெரியும், பக்கத்து விமானங்கள் தெரியும், வேண்டுமானால் எஞ்சின் மானியாகவும் மாறும். ஜி5-க்கு இதெல்லாம் தெரியாது. அடிவானம், திசை, அதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள். பேட்டரியில் மட்டும் ஜி5 முந்துகிறது: மின்சாரம் போனால் நான்கு மணி நேரம். 275-க்கு ஒரு மணி நேரம். இரவில் மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் போனால் அந்த வித்தியாசம் லேசானதல்ல.

அப்படியானால் 275-க்கு ஏன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும்? பதில் உங்கள் ஆட்டோபைலட்டில் இருக்கிறது. இதை யாரும் முதலில் கேட்பதில்லை, பணிமனைக்காரர்தான் கேட்டார். பழைய ஆட்டோபைலட்டுகளில் இரண்டு ஜாதி. கே.எஃப்.சி. 150 போன்றவை அடிவானக் கருவியிலிருந்தே விமானத்தின் சாய்வைத் தெரிந்துகொள்ளும். அந்தக் கருவியைக் கழற்றினால் ஆட்டோபைலட் குருடாகிவிடும். 275-இன் ஒரு வகை அந்தப் பழைய கைரோ போலவே நடித்து ஆட்டோபைலட்டை ஓட்டும், ஜி5 அதைச் செய்யாது. கே.ஏ.பி. 140, எஸ்-டெக் போன்றவை திருப்பம் காட்டியை நம்புகிறவை. அங்கே அடிவானத்தைத் தாராளமாக மாற்றலாம், திருப்பம் காட்டியில் மட்டும் கைவைக்கக் கூடாது. எங்கள் விமானத்தில் ஆட்டோபைலட்டே கிடையாது. அதனால் 275-இன் மிகப் பெரிய அனுகூலம் எங்களுக்கு வீண்.

ஆஸ்பென் ஈ5 தனி ரகம். அடிவானமும் அதற்குக் கீழே திசை கைரோவும் இருந்த இரண்டு துளைகளையும் ஒரே நெட்டைத் திரை மூடிவிடும். 2018-இல் அறிவித்தபோது 4,995 டாலர். பணம் கட்டி மென்பொருளை உயர்த்தினால் அதே திரை இன்னும் பெரிய வேலைகள் செய்யும். இதில் எனக்குப் பிடித்தது அதன் உணரி. ஜி5-ஐத் திசை காட்ட வைக்க வேண்டுமென்றால் காந்த உணரியைப் பொதுவாக இறக்கைக்குள் வைக்கிறார்கள். இறக்கையின் மூடிகளைத் திறந்து, கம்பியை உள்ளே இழுத்து, விளக்குகளுக்குப் போகும் மின்கம்பியிலிருந்து விலக்கி, பக்கத்தில் இரும்புத் திருகு இல்லாமல் பார்த்து, அப்புறம் சோதனை. எல்லாம் மணிக்கணக்கில் கூலி. ஆஸ்பெனில் காந்த உணரியும் ஜி.பி.எஸ்-உம் ஒரே சிறு கூட்டுக்குள் விமானத்தின் உடல்மேல் உட்கார்ந்துவிடும். குறை? ஒரே திரை. அது அணைந்தால் அடிவானமும் திசையும் சேர்ந்தே போகும். தன் பேட்டரியில் அரை மணி நேரம்தான் ஓடும். பழைய ஆஸ்பென் மாடலை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: அவை சாய்வைக் கணக்கிடக் காற்று வேகத்தையும் நம்புபவை. அந்த வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயில் பனி அடைத்தால் வேகத்தோடு அடிவானமும் சிவப்புப் பெருக்கல் குறியாகிவிடும். பின்னால் வந்த மேக்ஸ் வரிசையில் ஜி.பி.எஸ். துணைக்கு வந்து இதைச் சரிசெய்தது.

இப்போது பெரிய திரைகள். கார்மின் ஜி3எக்ஸ் டச் 2019-இல் சான்றிதழ் விமானங்களுக்கு வந்தது, 7 அங்குலமும் 10.6 அங்குலமும் உண்டு. டைனான் ஸ்கைவியூ எச்.டி.எக்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்பே 172-க்கு அனுமதி வாங்கியது, 7 அல்லது 10 அங்குலம். இரண்டும் எஞ்சின் மானிகளையும் விழுங்கிவிடும். ஆறு டயல், எண்ணெய் அழுத்தம், எரிபொருள் எல்லாம் ஒரே கண்ணாடியில். அழகுதான், மறுக்கவில்லை. டைனானில் ஆட்டோபைலட்டும், ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டரும் அதே வீட்டுப் பிள்ளைகள், மொத்தக் கணக்கில் மலிவாக முடியும். ஆனால் மேகத்துக்குள் இறங்குவதற்கான ஜி.பி.எஸ். அவர்கள் செய்வதில்லை, அதற்கு கார்மினிடமோ அவிடைனிடமோதான் போக வேண்டும். வேண்டியதெல்லாம் ஒரே கடையில் வேண்டுமென்றால் ஜி3எக்ஸ்.

தயங்க வைத்தது விலை மட்டுமல்ல. பெரிய திரை என்றால் பழைய பேனலை எடுத்துவிட்டுப் புதிதாக அலுமினியத் தகடு வெட்ட வேண்டும். விமானம் வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில், பணிமனையில் நிற்கும். ஐம்பது வயது விமானத்தின் விலையில் பாதியைப் பேனலில் கொட்டினால் விற்கும்போது அது திரும்பி வராது. பத்து அங்குலக் கூட்டாளியிடம் இதைச் சொன்னேன். "விற்கவா வாங்கினோம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்னொன்றும் சொன்னேன். 2002 முதல் 2006 வரை தயாரான எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விமானங்களை அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. ஆராய்ந்து 2010-இல் அறிக்கை வெளியிட்டது. திரை வைத்த விமானங்களில் மொத்த விபத்து விகிதம் குறைவு. உயிர்போன விபத்துகளின் விகிதமோ அதிகம். திரை ஆளைக் கொல்கிறது என்று அதற்கு அர்த்தமில்லை. திரை இருக்கும் விமானங்கள் நீண்ட பயணமும் மேகப் பயணமும் அதிகம் போகின்றன, விமானிகளுக்கு அந்தக் கருவியிலேயே பயிற்சி போதவில்லை என்பது அறிக்கையின் போக்கு. பழைய டயல் ஆறும் எந்த விமானத்திலும் ஒரே மாதிரி. திரைகள் அப்படியில்லை, பக்கத்துக்குப் பக்கம் மெனு.

கடைசியில் இரண்டு ஜி5 என்று முடிவானது. மேலே ஒன்று அடிவானம், கீழே ஒன்று திசை. மேலே உள்ளது போனால் கீழே உள்ளது அடிவானமாக மாறும். இரண்டிலும் தனித்தனி பேட்டரி. வேகமானியும் உயரமானியும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஜி5-ஐ அவற்றுக்கு மாற்றாக அனுமதிக்கவில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை. வேக்யூம் பம்ப், குழாய்கள், வடிகட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடலாம். பேனலுக்குப் பின்னால் டார்ச் அடித்தபடி மெக்கானிக் அந்த ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக உருவிப் போட்டார். இறுகிப்போய், வளைத்தால் ஒடியும் நிலை. இத்தனை நாள் இதை நம்பியா மேகத்துக்குள் போனோம் என்று மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மேகத்துக்குள் போகாத, ஒரே ஆள் வைத்திருக்கும் செஸ்னா 150 என்றால் ஏவி-30 ஒன்றோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பழைய ஆட்டோபைலட்டோடு வரும் பொனான்சா போன்ற விமானத்துக்கு 275. எஞ்சின் மானிகளும் செத்துக்கொண்டிருக்கின்றன, பேனலை எப்படியும் பிரிக்கப் போகிறோம் என்றால் பெரிய திரை, அப்போது கூலி ஒரே தடவை. எங்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது: கார்மினின் ஜி.எஃப்.சி. 500 ஆட்டோபைலட்டைப் பிறகு எப்போது சேர்த்தாலும் அது ஜி5-ஐ வைத்தே ஓடும்.

வேக்யூம் மானி இருந்த துளையைச் சின்னத் தகடு வைத்து மூடியிருக்கிறோம். ஆட்டோபைலட்டுக்குக் காசு இன்னும் சேர்ந்தபாடில்லை.