மலையில் வயரிங் கற்க: ஐடிஐயா, காண்ட்ராக்டர் கூடவா, அப்ரண்டிஸா?

பத்தாவது ரிசல்ட் வந்த வாரம் நீலகிரியில் பல வீடுகளில் இந்தப் பேச்சு ஓடும். பையனுக்குப் புத்தகம் ஏறவில்லை, ஆனால் ஸ்விட்ச் போர்டைக் கழற்றி மாட்டுகிறான், எலக்ட்ரீஷியன் ஆக்கிவிடலாமா? மாமா ஐடிஐ என்பார். பக்கத்து லைன் மேஸ்திரி, "ரெண்டு வருஷம் எதுக்கு வீணாக்குறீங்க, என்கூட அனுப்புங்க" என்பார். இ.பி.யிலோ அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியிலோ அப்ரண்டிஸ் சேர்த்துவிட வழி தெரிந்த ஒருவரும் இருப்பார். மூன்று பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

நான் இங்கே பேசுவது கட்டட வேலையைப் பற்றி: ஹட்டி (படகர் ஊர்) ஓரத்துப் புது வீடு, தேயிலைச் சரிவில் கட்டும் காட்டேஜ், ஊராட்சிப் பள்ளிக் கட்டடம். கம்பம் ஏறும் லைன் வேலை வேறு சங்கதி.

முதலில், குளிர் என்ன செய்யும்?

வழியை ஒப்பிடுவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். இங்கே வேலை கற்பவன் எதற்குத் தயாராக வேண்டும் என்பது தெரியாமல் எந்த வழி நல்லது என்று எப்படிச் சொல்வது?

ஜனவரி காலை ஏழரை மணிக்குத் தலைகுந்தா பக்கம் ஒரு சைட். புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கிறது. ஸ்லாப் கம்பி கட்டியாகிவிட்டது, மதியம் கான்கிரீட், அதற்குள் பைப் போட்டாக வேண்டும். ஹெல்பர் பிவிசி பைப்புக்குள் ஸ்பிரிங்கை விட்டு முழங்காலில் வைத்து வளைக்கிறான். வளைவில் முதலில் வெள்ளைக் கோடு விழும். இன்னும் அழுத்தினால் பட்டென்று பிளக்கும். பழகிய ஆள் அவசரப்பட மாட்டார். டீ போடும் அடுப்பில் ஒரு பக்கெட் வெந்நீர் வைக்கச் சொல்லி, வளைக்கிற இடத்தை நனைத்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கையே எடுப்பார். அன்றைக்கு லேசாகப் பிளந்த பைப்பைக் கவனிக்காமல் கான்கிரீட் போட்டால், உள்ளே சிமெண்ட் பால் இறங்கி அடைத்துவிடும். வயர் இழுக்கும் நாளில்தான் தெரியும்.

அடுத்தது ஈரம். அறைக்குள் ஹீட்டர் சூடு, கூரைக்கு மேலே பனி. சூடான காற்று பைப் வழியே ஏறி, குளிர்ந்த இடத்தில் நீராகி, லைட் பாயிண்டில் சொட்டும். அங்கே மின்சாரம் லீக்கேஜ் ஆகி, அந்தக் கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழும். வீட்டுக்காரர் மழை ஒழுகுகிறது என்று நினைத்துக் கூரையை மாற்றுவார். கூரையில் ஒரு குறையும் இருக்காது. மேலே ஏறும் பைப்பின் வாயை அடைக்க வேண்டும், தாழ்ந்த பாக்ஸில் நீர் வடிய ஒரு துளை விட வேண்டும். வயரின் காப்பு சரியாக இருக்கிறதா என்று அளக்கும் மெக்கர் டெஸ்ட்டும் இதே கதைதான். குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டிய லைன் காலை எட்டு மணிக்குக் காட்டாது, வெயில் ஏறி பதினொன்றுக்கு வைத்தால் காட்டும். பதினொரு மணி ரீடிங்கை எழுதிக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணிக்கு ஏன் காட்டவில்லை என்று தேடுகிறவரிடம் பையனைச் சேர்த்துவிடுங்கள்.

லோடும் சமவெளி லோடு அல்ல. சீலிங் ஃபேன் இல்லாத வீடு ஊட்டியில் சகஜம். கோவைக்குப் போனால் ஃபேன் மாட்டத் தெரியாதவன் என்று நம் பையன்களைக் கிண்டல் செய்வார்கள். ஆனால் இங்கே 3 கிலோவாட் கீசர் ஒன்று சுமார் 13 ஆம்பியர் இழுக்கும், 2 கிலோவாட் ரூம் ஹீட்டர் 9 ஆம்பியரை நெருங்கும், இரண்டும் காலை ஆறு மணிக்கு ஒன்றாக ஓடும். மெயின் டிபியிலிருந்து (மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) 60 மீட்டர் கீழே சரிவில் இருக்கும் காட்டேஜுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) வயரில் அந்தக் கீசரைக் கொடுத்தால் வழியிலேயே 12 வோல்ட் போய்விடும். 6 ஸ்கொயர் போட்டால் 5 வோல்ட்டுக்குள் நிற்கும். லோடு மீறினால் தானே விழும் எம்சிபி ஸ்விட்சின் வெப்ப ட்ரிப் 30 டிகிரிக்கு அளவு வைத்தது. 5 டிகிரியில் அது கொஞ்சம் தாமதமாகத்தான் விழும். உயரமும் ஒரு கணக்கு: எம்சிபி தரவிதி 2,000 மீட்டர் வரைக்கும்தான் பேசுகிறது, ஊட்டி 2,240 மீட்டர். குன்னூரும் கோத்தகிரியும் அந்தக் கோட்டுக்குக் கீழே. வீட்டு லோடுக்கு இதனால் பெரிய தொல்லை வராது. ஜெனரேட்டரும் மோட்டாரும் வைத்த ரிசார்ட்டில் வரும்.

எர்த் குழியும் ஒரு பாடம். 2.5 மீட்டர் பைப் இறக்க வேண்டிய இடத்தில் ஒரு மீட்டரிலேயே பாறை தட்டும். தட்டியதும் பைப்பை அறுத்து மண்ணை மூடுகிறவரிடம் கற்றால், அறுக்கத்தான் கற்றுக்கொள்வான்.

ஐடிஐ

எலக்ட்ரீஷியன் பிரிவு 2 வருடம், பத்தாவது தேறியிருக்க வேண்டும். குன்னூரிலும் கூடலூரிலும் அரசு ஐடிஐ இருக்கிறது. கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் தனி. பெண்பிள்ளைகள் இந்தப் பிரிவுக்கு வருவது இன்னும் குறைவுதான். சைட்டில் ஒரு கழிப்பறைகூட வைக்காத காண்ட்ராக்டர்கள் அதற்கு முதல் காரணம்.

இங்கே கிடைப்பது அடித்தளம். மோட்டார் வைண்டிங், ஸ்டார்ட்டர், டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர் வைத்துக் குறை கண்டுபிடிப்பது இதெல்லாம் மேஸ்திரி சொல்லித்தர மாட்டார். பலருக்கு அவர்களுக்கே தெரியாது. தேயிலை ஃபேக்டரியில் இலையை வாட்டும் விதரிங் ஃபேன் நின்றுபோனால் இந்தப் படிப்புதான் கைகொடுக்கும். குறை என்னவென்றால், வயரிங் பயிற்சி பெரும்பாலும் காய்ந்த அறையில் பலகை மேல் நடக்கிறது. முதல் வகுப்பில் தேறியவன்கூட சென்ட்ரிங் மேல் நின்று பைப் போடும்போது விழிப்பான்.

காண்ட்ராக்டர் கூட

முதல் நாளிலிருந்தே கூலி. மேலே சொன்ன வெந்நீர், சொட்டும் பைப், பாறைக் குழி எல்லாம் ஒரு வருடத்தில் கைக்கு வந்துவிடும். வேலை பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

பிரச்சினை காகிதத்தில். ஐடிஐ இல்லாதவர் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுத 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், வயரிங்கில் 5 வருட அனுபவமும் வேண்டும். பதினாறில் சேர்ந்தவன் அதுவரை எந்தச் சான்றும் இல்லாத ஆள். அந்த 5 வருடத்தையும் எழுத்தில் கொடுக்க ஒருவர் வேண்டும். உரிமம் இல்லாத மேஸ்திரியிடம் வேலை பார்த்தால் யார் கொடுப்பார்? புது இணைப்புக்கான டெஸ்ட் ரிப்போர்ட்டில் உரிமம் உள்ளவர் கையெழுத்துதான் செல்லும். வேலை முழுக்க இவன் செய்வான், கையெழுத்துக்குக் காசு வேறு ஒருவர் வாங்குவார். நாற்பது வயதிலும் "ஹெல்பர்" என்றே அழைக்கப்படுகிறவர்களை எனக்குத் தெரியும். கையில் அவ்வளவு தொழில் திறமை இருக்கும்.

இந்த வழிதான் வீட்டு நிலைமைக்கு ஒத்துவரும் என்றால் 18 ஆனதும் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்துவிடுங்கள். எந்த சைட், எந்தத் தேதி, யாரிடம் என்று ஒரு நோட்டும் போடுங்கள்.

அப்ரண்டிஸ்

1961 சட்டப்படியான அப்ரண்டிஸ் பயிற்சிக்கு உதவித்தொகை சட்டமே சொல்கிறது. 2019 விதியில் ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய். பெரிய நிறுவனத்தின் ஒழுங்கும் பாதுகாப்புப் பழக்கமும் வரும். பெர்மிட் வாங்காமல் லைனைத் தொடக்கூடாது என்பது இங்கேதான் ரத்தத்தில் ஏறும்.

ஆனால் முடித்ததும் வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் அந்த நிறுவனத்துக்குக் கிடையாது. இதைப் பல பெற்றோர் கடைசிவரை நம்ப மறுக்கிறார்கள். வீட்டு வயரிங்கும் அங்கே வராது. 1932-இலேயே பைக்காராவில் மின்சாரம் எடுத்த மாவட்டம் இது. இப்போது குந்தாவில் 500 மெகாவாட் நீரேற்று நிலையம் கட்டுகிறார்கள். அங்கே கற்பது பெரிய படிப்புதான், ஆனால் காட்டேஜ் டிபிக்கு அது உதவாது. இ.பி. கள உதவியாளர் வேலைக்கும் ஐடிஐ சான்றுதான் கேட்கிறார்கள் என்பதால், அந்தக் கனவு உள்ளவர்களும் முதல் வழியான ஐடிஐயைத் தவிர்த்துவிட்டு வர முடியாது.

கோவை, திருப்பூர் போய்க் கற்றுவரலாமே என்பார்கள். போகலாம், வேகம் வரும். திரும்பி வந்து இங்கே ஒரு பனிக்காலம் பார்க்கும்வரை அந்த வேகத்தை நான் நம்ப மாட்டேன்.

என் தேர்வு

ஐடிஐ முதலில். லீவில் சைட்டுக்கு அனுப்புங்கள், கூலி கேட்காமல்கூட. தேர்ச்சி பெற்றதும் உரிமம் உள்ள ஒரு சிறு காண்ட்ராக்டரிடம் ஒரு முழு வருடம். தென்மேற்கு மழை, ஐப்பசி மழை, உறைபனி, சித்திரை இடி நான்கையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டும். பெரிய ரிசார்ட் வேலை எடுப்பவரைவிட வருடத்துக்குச் சில வீடு மட்டும் செய்பவர் மேல். அங்கேதான் அளவெடுப்பதிலிருந்து மீட்டர் ஏறும்வரை ஒரே பையன் உடன் இருப்பான். அப்ரண்டிஸ் இடம் வந்தால் அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

சேர்க்கும் முன் காண்ட்ராக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உரிமம் யார் பேரில் இருக்கிறது? சொந்த மெக்கர் இருக்கிறதா? மழைநாளில் வேலை நின்றால் கூலி உண்டா? மூன்றாவதுக்குப் பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும், அது பரவாயில்லை. இரண்டாவதுக்கு இல்லை என்றால் வேறு ஆள் பாருங்கள்.